காக்கையின் பூர்வோத்தரம்

உங்கள் வீட்டுச் சிறுவனிடம் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்து, டைனோஸார் என்னும் மிருகத்தை வரைந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். மனிதர் ஒருவரும் உயிரோடு கண்டிராத, சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன்பே மாண்டொழிந்ததாகச் சொல்லப்படும் அந்த ஜந்துவை, அவன் கொட்டிலில் கட்டிய பசுவை வரைவதுபோல் அநாயாசமாக வரைந்துவிடுவான். அவன் வரையும் மிருகம் முன்னோக்கிச் சாய்ந்து பாய்ந்தோடும். அதன் வால் தரையில் படாமல் பின்னால் நீண்டு நிற்கும். கண்ணில் ஒரு கூர்மையும் இருக்கும். இனி, 1960-ஆம் வருஷத்துக்கு முன் அச்சான பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டுங்கள். அங்கும் அதே மிருகந்தான் இருக்கும். ஆனால் அது சதுப்பு நிலத்தில் கால் புதைய நின்று, வாலை மண்ணில் இழுத்துக்கொண்டு, விருந்துண்ட மயக்கம் தெளியாத பெருந்தீனிக்காரனைப்போல் அசட்டுப் பார்வை பார்த்துக்கொண்டிருக்கும்.

எலும்புகள் மாறவில்லை; அவற்றைப் பார்த்த கண்களே மாறின. அந்த மாறுதலுக்குக் காரணமானவர்களில் முதல்வராகச் சொல்லத் தக்கவர் ஜான் ஆஸ்ட்ராம் என்னும் அமெரிக்கப் பேராசிரியர். அவருடைய பெயரை அறிந்தவர்கள் சிலரே. ஆயினும் அவருடைய உழைப்பின் பயனைச் சினிமாக் கொட்டகையில் கண்டு நாற்காலியை இறுகப் பற்றிக்கொண்டவர்கள் உலகெங்கும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ஆரவாரம் அறியாத அந்த மனிதரின் கதை, விஞ்ஞானத்தில் பற்றுள்ளவர்கள் மட்டுமன்றி, பிள்ளைகளைப் பெற்ற யாவருமே அறிந்துகொள்ள வேண்டியது.

சுவரில் எழுதிய சித்திரம்

1842-ஆம் வருஷத்தில் ரிச்சர்ட் ஓவன் என்ற ஆங்கிலேயப் பண்டிதர், பாறைகளிலிருந்து கிடைத்த சில பெரிய எலும்புகளை ஒரு தனி இனமாகச் சேர்த்து, அதற்கு டைனோஸார் என்று பெயர் சூட்டினார். ‘பயங்கரப் பல்லி’ என்பது அச்சொல்லின் பொருள். பெயரிலேயே பல்லி புகுந்துகொண்டதாலோ என்னவோ, இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில காலத்துக்கெல்லாம், இவை பல்லியையும் முதலையையும்போல் குளிர்ந்த இரத்தம் உடையவை, வெயிலில் காய்ந்தால்தான் அசையக்கூடியவை, உடல் பெருத்து அறிவு சிறுத்தவை என்ற எண்ணம் உறுதியாக வேரூன்றிவிட்டது. ஆங்கிலம் பேசும் மக்கள், காலத்துக்கு ஒவ்வாத பழம்பஞ்சாங்கத்தை ‘டைனோஸார்’ என்று ஏளனமாக அழைக்கவும் தலைப்பட்டனர். அழிந்துபோனதற்கு அதன் மந்த புத்தியே காரணம் என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் ஆராய என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த பீபாடி மியூஸியத்தின் பெரிய மண்டபத்தில், ருடால்ப் ஸாலிங்கர் என்ற சித்திரக்காரர் தீட்டிய 110 அடி நீளமுள்ள ஒரு சுவர்ச் சித்திரம் இருக்கிறது. 1943-இல் தொடங்கி 1947-இல் முடித்த வேலை அது. அதற்காக 1949-இல் புலிட்ஸர் ஸ்தாபனத்தின் சன்மானமும் அவருக்குக் கிடைத்தது. அக்காலத்துப் பண்டிதர்கள் சொல்லிக் கொடுத்தபடியே, நிமிர்ந்த உடலும் தரையில் புரளும் வாலுமாக டைனோஸார்கள் அதில் அசைவற்று நிற்கின்றன. அந்தச் சித்திரம் இருந்த மியூஸியத்திலேயே வருஷக்கணக்காக வேலை பார்த்துக்கொண்டு, அந்தச் சித்திரத்தின் அஸ்திவாரத்தையே அசைத்தவர் ஆஸ்ட்ராம்.

வைத்தியராக இருக்க வேண்டியவர்

ஜான் ஆஸ்ட்ராம் 1928-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 18-ஆம் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். தகப்பனார் வைத்தியர். மகனும் அதே தொழிலுக்கு வருவதாகவே ஏற்பாடு. யூனியன் கலாசாலையில் அதற்கான பாடங்களையும் அவர் படித்துக்கொண்டிருந்தார். அப்போது ஜார்ஜ் கேலார்ட் ஸிம்ப்ஸன் என்ற அறிஞர் பரிணாமத்தைக் குறித்து எழுதிய ஒரு நூல் அவர் கையில் அகப்பட்டது. அதைப் படித்து முடித்தபோது, வியாதியஸ்தர்களின் நாடியைப் பிடிப்பதைவிட, கல்லாய்ச் சமைந்துபோன உயிர்களின் வரலாற்றைத் தேடுவதே தமக்குரிய வேலை என்று அவருக்குப் பட்டது. கொலம்பியா சர்வகலாசாலையில் பயின்று, 1960-இல் டாக்டர் பட்டம் பெற்று, அடுத்த வருஷம் யேலில் ஆசிரியராக அமர்ந்தார். பீபாடி மியூஸியத்தின் எலும்புத் தொகுதிகளும் அவர் பொறுப்பில் வந்தன.

அவருடைய சுபாவத்தை அவருடைய முதல் ஆராய்ச்சிகளிலேயே காணலாம். வாத்தின் அலகைப் போன்ற வாயுடைய ஒருவகை டைனோஸார், தண்ணீரில் மிதந்துகொண்டு மெல்லிய நீர்ப்பூண்டுகளைத் தின்று காலங்கழித்தது என்று எல்லாரும் சொல்லி வந்தனர். ஆஸ்ட்ராம் அதன் பற்களையும் தாடையையும் உடலமைப்பையும் நிதானமாகப் பரிசோதித்தார். கடினமான தழைகளை அரைப்பதற்கென்றே அமைந்த பற்கள் அவை. ஆகவே இது தரையில் நடமாடித் தரையில் வளர்ந்த தாவரங்களைத் தின்ற பிராணியே என்று 1964-இல் எழுதினார். பிறர் சொன்னதை ஒதுக்கி வைத்துவிட்டு எலும்பையே நேரில் விசாரிப்பது அவர் வழக்கம்.

மலைச்சரிவில் தெரிந்த கை

அதே 1964-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், ஆஸ்ட்ராம் மொண்டானா மாகாணத்தில் பிரிட்ஜர் என்ற ஊருக்கு அருகே, வறண்ட மலைச்சரிவுகளில் தம் கூட்டத்தாருடன் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பாறைகள் சுமார் 11 கோடி வருஷத்துப் பழமையுடையவை. தேடும் பருவம் முடிந்து, மூட்டை கட்டும் சமயம். அவரும் அவருடைய உதவியாளர் கிராண்ட் மேயரும் ஒரு சரிவின் வழியாக நடந்து வந்தபோது, மண்ணிலிருந்து நகங்களோடு கூடிய ஒரு கையின் எலும்புகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை ஒருங்கே கண்டனர். ஓடிய வேகத்தில் இருவரும் சரிவில் உருண்டு விழாதது அதிருஷ்டந்தான். தோண்டுவதற்கு உரிய கருவிகள் கைவசம் இல்லை. ஆயினும் மறுநாள் வரை பொறுக்க மனம் யாருக்கு வரும்? இருந்த பேனாக்கத்தியாலும் விரல்களாலும் மண்ணை விலக்கத் தொடங்கினர்.

அடுத்து ஒரு பாதமும் வெளிப்பட்டது. அதைக் கண்டுதான் ஆஸ்ட்ராம் திகைத்துப் போனார். மற்ற விரல்கள் சாதாரணமானவை. இரண்டாவது விரலில் மட்டும், கதிரறுக்கும் அரிவாளைப்போல் வளைந்த, சுமார் 5 அங்குல நீளமுள்ள ஒரு நகம்!

அடுத்த இரண்டு கோடைகளிலும் அவ்விடத்தைத் தோண்டி, குறைந்தது மூன்று பிராணிகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட எலும்புகளை எடுத்தனர். உண்மையில் இந்தப் பிராணியின் எலும்புகளை 1931-ஆம் வருஷத்திலேயே பார்னம் பிரௌன் என்ற புகழ்பெற்ற தேட்டக்காரர் மொண்டானாவில் கண்டெடுத்து நியூயார்க்குக்கு அனுப்பியிருந்தார். அவை பெட்டிகளில் கிடந்தன. அவற்றைப் பற்றி ஒன்றும் பிரசுரமாகவில்லை. பார்ப்பது வேறு, கண்டுகொள்வது வேறு. இந்தக் கதையில் இதே உண்மை இன்னும் இரண்டு தடவை நம்மைச் சந்திக்கப்போகிறது.

நகம் சொன்ன சாட்சியம்

ஆஸ்ட்ராம் அவசரப்படவில்லை. ஐந்து வருஷங்கள் ஒவ்வோர் எலும்பாகப் பொருத்திப் பார்த்து, 1969-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். புதிய பிராணிக்கு டைனானிகஸ் என்று பெயரிட்டார். ‘பயங்கர நகம்’ என்று பொருள். மூக்கு முதல் வால் நுனி வரையில் சுமார் 11 அடி. எடையில் வளர்ந்த மனிதன் ஒருவனுக்கு ஏறக்குறைய ஒப்பானது. டைனோஸார் உலகத்தில் இது சிறு பிராணியே. ஆனால் சிறியதன் வாக்குமூலம் பெரியவற்றின் வழக்கையே புரட்டிவிட்டது.

அவர் செய்த தர்க்கத்தைக் கவனியுங்கள். அந்த அரிவாள் நகம் நடப்பதற்குப் பயன்பட்டதன்று. நடக்கும்போது அதைத் தரையில் படாமல் மேலே தூக்கி வைத்துக்கொள்ளும்படி மூட்டு அமைந்திருக்கிறது. ஆகவே அது ஆயுதம். காலில் ஆயுதத்தை உடைய பிராணி அதைப் பிரயோகிக்க வேண்டுமானால், ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலை வீச வேண்டும், அல்லது இரையின் மேல் பாய வேண்டும். மந்தமான மிருகம் ஒற்றைக் காலில் நின்று சண்டை போடுமா? அடுத்து, வாலைப் பார்த்தார். வால் எலும்புகளின் இருபுறமும் மெல்லிய எலும்புக் கம்பிகள் நீளவாக்கில் ஓடி, அதை விறைப்பாகப் பிணைத்திருந்தன. கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் நடக்கும்போது கையில் மூங்கில் கழியைப் பிடித்துக்கொள்வதுபோல், ஓடும்போதும் திரும்பும்போதும் உடலைச் சமனாக நிறுத்துவதற்கு அந்த வால் உதவியது. அப்படிப்பட்ட வால் தரையில் புரளவே முடியாது. உடலும் நிமிர்ந்து நிற்காமல், தீக்கோழியைப்போல் கிடையாகவே இருந்திருக்க வேண்டும்.

இவ்வளவு வேகமும் சுறுசுறுப்பும் உள்ள பிராணி, வெயிலில் காய்ந்து உயிர் பெறும் பல்லியின் ஜாதியாக இருக்க முடியுமா? 1969-இல் சிக்காகோவில் கூடிய பூர்வஜீவ ஆராய்ச்சியாளர் மகாநாட்டில் ஆஸ்ட்ராம் இதையே எழுப்பினார். டைனோஸார் வாழ்ந்த இடமெல்லாம் வெப்ப நாடாகத்தான் இருந்திருக்கும் என்று சொல்வதற்கு, அவை குளிர்ந்த இரத்தமுடையவை என்பதை முதலில் நிரூபிக்க வேண்டாமா என்று அவர் கேட்டார். சபையில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

அவருடைய மாணாக்கர் ராபர்ட் பாக்கர் என்ற இளைஞருக்கோ அந்தக் கேள்வியே போர்முரசாக அமைந்தது. ஆசிரியரின் 1969-ஆம் வருஷத்து நூலில், டைனானிகஸ் முழு வேகத்தில் ஓடுவதுபோல் ஒரு சித்திரத்தை வரைந்தவர் இந்தப் பாக்கர். பின்பு எழுத்தாலும் பேச்சாலும் டைனோஸார்களின் பெருமையை அவர் ஊரெங்கும் முழக்கினார். 1975-இல் ஒரு பிரசித்தமான விஞ்ஞானப் பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பாகிய ‘டைனோஸார் மறுமலர்ச்சி’ என்பதே இந்த இயக்கம் முழுமைக்கும் பெயராக நிலைத்தது. சிஷ்யர் பத்தடி பாய்ந்தார். குரு ஓரடி வைத்தார். எல்லா டைனோஸார்களுமே வெப்ப இரத்தமுடையவை என்று சிஷ்யர் வாதிட்டபோது, ‘சாட்சியம் அவ்வளவு தூரம் போகவில்லை’ என்ற நிலையில் குரு நின்றார். இன்றும் அவ்விவாதம் முற்றுப்பெறவில்லை. ஆயினும், டைனோஸார் சேற்றில் நின்ற அசடன்று என்பதில் இப்போது யாருக்கும் ஐயமில்லை.

அட்டைப் பெட்டியில் ஒரு பொக்கிஷம்

1970-ஆம் வருஷத்தில் ஆஸ்ட்ராம் ஐரோப்பாவுக்குச் சென்றார். முற்காலத்தில் தோலால் ஆன இறக்கைகளால் பறந்து திரிந்த ஊர்வன இனத்தின் எலும்புகளை அங்குள்ள மியூஸியங்களில் பார்வையிடுவது நோக்கம். ஹாலந்து தேசத்து ஹார்லெம் நகரில் டெய்லர் மியூஸியம் என்று ஒன்று உண்டு. அங்கே, 1855-இல் ஜெர்மனியில் கிடைத்து, 1857-இல் ‘பறக்கும் ஊர்வன’ என்று முத்திரையிடப்பட்ட ஒரு கற்பலகை இருந்தது. ஆஸ்ட்ராம் அதைக் கையிலெடுத்து, ஜன்னல் ஓரம் கொண்டுபோய், வெளிச்சம் சாய்வாக விழும்படி திருப்பினார். கல்லின்மேல் மெல்லிய கோடுகள் தெரிந்தன. அவை சிறகுகளின் பதிவுகள்! உலகத்தின் மிகப் பழைய பறவையாகிய ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்பதன் எலும்புக்கூடு அது என்று அவருக்குத் தோன்றிற்று. சுமார் 15 கோடி வருஷத்துக்கு முந்திய அந்தப் பறவையின் எலும்புக்கூடுகள் அப்போது உலகம் முழுவதிலும் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் எண்ணிக்கையிலேயே அறியப்பட்டிருந்தன. அத்தகைய பொக்கிஷம் நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு தவறான சீட்டை ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது.

இப்போது அவருக்கு ஒரு தர்மசங்கடம் ஏற்பட்டது. உண்மையைச் சொல்லாமல், பழைய பெயரிலேயே அந்தப் பலகையை ஆராய்ச்சிக்காக இரவல் கேட்டால், மறுப்பில்லாமல் கொடுத்துவிடுவார்கள். சொல்லிவிட்டாலோ, அதன் விலை மதிப்பு தெரிந்த பிறகு யார் வெளியே விடுவார்கள்? ஆஸ்ட்ராம் சற்று யோசித்தார். பிறகு காப்பாளரிடம் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிட்டார். காப்பாளர் ஒன்றும் பேசாமல் பலகையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ‘போயிற்று’ என்று ஆஸ்ட்ராம் மனம் இடிந்து நின்றார். சிறிது நேரத்தில் காப்பாளர் திரும்பி வந்தார். பூட்ஸ் வைக்கும் ஓர் அட்டைப் பெட்டியில் பலகையை வைத்துக் கயிற்றால் கட்டி, எடுத்துப்போய் ஆராயும்படி அவரிடமே கொடுத்தார். எங்கள் மியூஸியத்துக்குப் புகழ் தேடித் தந்தீர்களே என்று நன்றியும் சொன்னார்.

பாட்டனா, தாயாதியா?

அந்தப் பெட்டியோடு ஒரு பெரிய கேள்வியும் வந்து சேர்ந்தது. மொண்டானாவின் டைனானிகஸும் ஜெர்மனியின் ஆர்க்கியாப்டெரிக்ஸும் எலும்புக்கெலும்பு இவ்வளவு ஒத்திருப்பானேன்? இரண்டுக்கும் முன்னங்காலில் நீண்ட மூன்று விரல்கள். இரண்டின் மணிக்கட்டிலும் பிறைமதி வடிவான ஒரு சிற்றெலும்பு. இந்தப் பிறையெலும்பு இருப்பதால்தான் கையைப் பக்கவாட்டில் மடக்கவும் வீசவும் முடிகிறது. இரையைப் பற்றுவதற்காக டைனானிகஸ் செய்த அதே வீச்சைத்தான், பறவை இறக்கையடிக்கும்போது செய்கிறது. தோள், இடுப்பு, தொடை, கணுக்கால் என்று இப்படியே இருபதுக்கு மேற்பட்ட ஒற்றுமைகளை ஆஸ்ட்ராம் எடுத்துக் காட்டினார். 1973 முதல் 1976 வரையில் அவர் வெளியிட்ட கட்டுரைகளின் முடிவு இதுதான்: இரண்டு கால்களில் ஓடிய சிறு டைனோஸார்களின் வமிசத்திலிருந்தே பறவைகள் தோன்றின.

டைனானிகஸ் பறவைகளுக்கு நேர்ப் பாட்டன் அன்று. அது ஆர்க்கியாப்டெரிக்ஸுக்கு நாலு கோடி வருஷம் பிற்பட்டது. ஒரே குடும்பத்திலிருந்து பிரிந்துபோன தாயாதி என்று சொல்லலாம். தாயாதிகளின் முகச்சாயலைக் கொண்டே பொதுவான முன்னோர் எப்படியிருந்திருப்பார் என்று நாம் ஊகிக்கிறோமல்லவா?

இந்தக் கருத்து முற்றிலும் புதிதன்று. 1868-இலேயே தாமஸ் ஹக்ஸ்லி என்ற ஆங்கிலேயர் பறவைக்கும் டைனோஸாருக்கும் உறவு கற்பித்திருந்தார். ஆனால் 1926-இல் ஆங்கிலத்தில் வெளியான ஒரு சிறந்த நூலில், டென்மார்க் தேசத்து ஹைல்மான் ஓர் ஆட்சேபம் எழுப்பினார். பறவைகளுக்குக் கழுத்தடியில் காறை எலும்புகள் இரண்டும் கவட்டை வடிவில் ஒன்றாய்க் கூடியிருக்கின்றன. டைனோஸார்களுக்கோ காறை எலும்பே கிடையாது. முன்னோர் இழந்துவிட்டதைச் சந்ததியார் மறுபடி எப்படிப் பெறுவர் என்று அவர் கேட்டார். வாதம் நியாயமாகத் தோன்றியதால், நாற்பது வருஷத்துக்கு மேல் உலகம் அதை ஒப்புக்கொண்டு வாளாவிருந்தது. வேடிக்கை என்னவென்றால், மங்கோலியாவில் கிடைத்து 1924-இல் விவரிக்கப்பட்ட ஒரு டைனோஸாரிடம் அந்த எலும்பு கண்ணெதிரே இருந்தது. வேறோர் எலும்பென்று அதைப் பிழையாகக் குறித்துவிட்டார்கள். இல்லையென்று நம்பியவர்கள் கண்ணுக்கு, இருந்ததும் தெரியவில்லை.

வேறு பெயரில் வந்த புகழ்

ஆஸ்ட்ராமின் ஆராய்ச்சி பண்டிதர்களின் அலமாரியோடு நின்றிருந்தால், நம் வீட்டுச் சிறுவனின் காகிதம் வரையில் வந்திராது. அதைக் கொண்டுவந்தவர் மைக்கேல் கிரைட்டன் என்ற நாவலாசிரியர். 1990-இல் அவர் எழுதிய ‘ஜுராஸிக் பார்க்’ என்ற நாவலில், பயங்கர நகமும் தந்திர புத்தியும் உடைய ஒருவகை டைனோஸார் மனிதர்களை வேட்டையாடுகிறது. 1993-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் அதைச் சினிமாவாக எடுத்தார். அதுவரையில் வெளிவந்த படங்கள் எல்லாவற்றையும்விட அதிக வசூலைப் பெற்றது அது.

படத்தில் அந்தப் பிராணிக்கு வழங்கும் பெயர் வெலாஸிராப்டர். அப்பெயருடைய உண்மையான ஜந்து மங்கோலியப் பாலைவனத்தைச் சேர்ந்தது. 1924-இல் பெயரிடப்பட்டது, உடலளவில் ஒரு வான்கோழிக்குக் கிட்டத்தட்ட ஒப்பானது. ஆள் உயரம் நின்று, சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து குழந்தைகளைத் தேடிய மிருகத்துக்கு மூலம் ஆஸ்ட்ராமின் டைனானிகஸே. அக்காலத்தில் ஓர் ஆசிரியர் இரண்டையும் ஒரே பெயரில் அடக்கி நூல் எழுதியிருந்ததும் இதற்கு இடங்கொடுத்தது. பிராணியின் அமைப்பைத் தம் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துக்கொண்டு, கேட்க மிடுக்காக இருக்கிறதென்று மற்றதன் பெயரை வைத்துக்கொண்டதாகக் கிரைட்டனே தம்மிடம் சொன்னார் என்று ஆஸ்ட்ராம் பின்னர் கூறியிருக்கிறார். அவர் அதற்காக வழக்காடவும் இல்லை, வருந்தவும் இல்லை.

படம் வெளிவந்த பின் ‘ராப்டர்’ என்ற சொல் சிறுவர் வாயிலெல்லாம் புகுந்தது. 1995-இல் ஆடத் தொடங்கிய கனடா தேசத்து டொரண்டோ நகரக் கூடைப்பந்துக் குழு ஒன்று அதையே தன் பெயராக்கிக்கொண்டது. பொம்மைக் கடைகளில் டைனோஸார்களின் வால் உயர்ந்தது. நியூயார்க்கின் பெரிய மியூஸியம், பல காலமாக நிமிர்ந்து நின்ற டைரனோஸாரஸ் எலும்புக்கூட்டைப் பிரித்து, உடல் கிடையாகவும் வால் மேலாகவும் இருக்கும்படி மாற்றிக் கோத்து 1995-இல் மக்களுக்குத் திறந்து வைத்தது.

முப்பது வருஷம் காத்திருந்த சிறகு

ஒரு குறை மட்டும் மிஞ்சியிருந்தது. பறவைக்கும் டைனோஸாருக்கும் எலும்பில் ஒற்றுமை உண்டு. ஆனால் பறவைக்கே உரிய சிறகு எங்கே? ஆர்க்கியாப்டெரிக்ஸ் அல்லாத ஒரு டைனோஸாரின் உடலில் சிறகின் அடையாளத்தைக் காட்டினால் ஒப்புக்கொள்கிறோம் என்று எதிர்க்கட்சியார் சொல்லி வந்தனர்.

1996-ஆம் வருஷம் அக்டோபரில் நியூயார்க்கில் ஆராய்ச்சியாளர்கள் கூடியிருந்தனர். சீன தேசத்தின் லியாவ்னிங் மாகாணத்தில் கிடைத்த ஒரு சிறு டைனோஸாரின் போட்டோப் படம் அங்கே கைமாறி வந்தது. சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்திய எரிமலைச் சாம்பல் படிந்து உறைந்த பாறை. அதில் கழுத்திலிருந்து முதுகின் வழியே வால் நுனி வரையில், மெல்லிய நார்களைப் போன்ற ஒரு போர்வை தெளிவாகப் பதிந்திருந்தது. ஸைனோஸராப்டெரிக்ஸ் என்ற அந்தப் பிராணியின் படத்தைக் கண்டதும், 68 வயதான ஆஸ்ட்ராமுக்குக் கால்கள் தளர்ந்துவிட்டன. அவர் உட்கார வேண்டியதாயிற்று. தம் ஆயுளுக்குள் இப்படியொரு சாட்சியத்தைக் காண்போமென்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

ஆயினும் மகிழ்ச்சியில் நிதானத்தை இழந்தாரில்லை. அடுத்த வருஷமே வேறு சில அறிஞர்களுடன் சீனாவுக்குச் சென்று கல்லை நேரில் பரிசோதித்தார். பறவைகள் டைனோஸாரிலிருந்து வந்தவை அல்ல என்று வாதிட்டவர் ஒருவரும் அந்தக் குழுவில் இருந்தார். தற்காலப் பறவையின் முழுச் சிறகு என்று அதைச் சொல்லிவிட முடியாது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் அதன்பின் அதே மாகாணத்திலிருந்து, நடு நரம்போடு கூடிய உண்மையான சிறகுகளையுடைய டைனோஸார்களும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. 2007-இல், சினிமாவில் தோலுரித்த கோழிபோல் காட்டப்பட்ட வெலாஸிராப்டரின் முன்னங்கை எலும்பிலேயே, சிறகுகள் ஊன்றியிருந்த முடிச்சுகள் இருப்பதைக் கண்டனர். 2010-இல் ஸைனோஸராப்டெரிக்ஸின் நார்களிலிருந்த நுண்ணிய நிறமணிகளை ஆராய்ந்து, அதன் வால் செம்பட்டையும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இருந்திருக்குமென்று கண்டறிந்தனர்.

குருவையும் திருத்திய விஞ்ஞானம்

ஆஸ்ட்ராம் 2005-ஆம் வருஷம் ஜூலை மாதம் 16-ஆம் தேதி, தம் 77-ஆம் வயதில் காலமானார். அவர் சொன்னவை எல்லாம் அப்படியே நிலைத்துவிடவில்லை. அரிவாள் நகம் இரையின் வயிற்றைக் கிழிப்பதற்கென்று அவர் கருதினார். பின்வந்தோர் செய்த பரிசோதனைகளில் அது கிழிப்பதைவிடக் குத்திப் பற்றுவதற்கே ஏற்றது என்று தெரிந்தது. பருந்து தன் இரையைக் காலின்கீழ் அமுக்கி வைத்துக்கொள்வதுபோல் டைனானிகஸும் செய்திருக்கலாம் என்று 2011-இல் ஒரு கருத்து வெளியாயிற்று. ஓநாய்களைப்போல் கூட்டமாகச் சேர்ந்து வேட்டையாடியது என்ற ஊகத்தையும் 2007 முதல் பலர் சந்தேகிக்கத் தொடங்கியிருக்கின்றனர். ஹார்லெம் பலகையின் கதை இன்னும் விசித்திரமானது. 2017-இல் ஜெர்மனி தேசத்து அறிஞர் இருவர் அதை மறுபடி ஆராய்ந்து, இது ஆர்க்கியாப்டெரிக்ஸ் அன்று. அதற்கு நெருங்கிய உறவுடைய வேறொரு சிறகுள்ள டைனோஸார் என்று தீர்மானித்தனர். அந்தப் புதிய இனத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ஆஸ்ட்ரோமியா. அவர் வைத்த பெயரை எடுத்துவிட்டு, அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்! ஒரு விஞ்ஞானிக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை வேறு உண்டோ?

பீபாடி மியூஸியம் பழுது பார்க்கப்பட்டு 2024-இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஸாலிங்கரின் சுவர்ச் சித்திரம் இன்றும் அழியாமல் இருக்கிறது. அதன் முன்னே நிற்கும் பிரண்டோஸாரஸ் எலும்புக்கூட்டின் வாலோ, இப்போது தரையைவிட்டு உயர்ந்து நிற்கிறது. அந்த மண்டபத்துக்குள் நுழைகிற குழந்தை, மனிதன் முன்பு எண்ணியதையும் இப்போது எண்ணுவதையும் ஒரே பார்வையில் ஒப்பிட்டுக்கொள்ளலாம். தவறென்று தெரிந்த சித்திரத்தை அழித்துவிடாமல், மறைத்தும் வைக்காமல், உண்மைக்குப் பக்கத்திலேயே காட்டும் நேர்மை எல்லா விஷயங்களிலும் நமக்கு வாய்க்குமானால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

ஆகவே, டைனோஸார்கள் அடியோடு அழிந்தன என்று பிள்ளைகளுக்கு இனிக் கற்பிப்பது சரியாகாது. ஒரு கிளை பிழைத்துக்கொண்டது. கொல்லையில் குப்பையைக் கிளறும் கோழியின் காலைச் சற்று உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள்: செதில் படிந்த தோல், முன்னோக்கிய மூன்று விரல்கள், வளைந்த நகங்கள். மதிலின்மேல் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, நாம் வைக்கப்போகும் சோற்றை எதிர்பார்த்திருக்கும் காக்கையின் கூர்ந்த பார்வையையும் காட்டுங்கள். பதினைந்து கோடி வருஷத்துப் பழங்குடியின் வாரிசு அது. ஏட்டில் எழுதியிருப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், கையிலுள்ள பொருளை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்க்கும் பழக்கத்தை நம் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்களானால், அதுவே ஆஸ்ட்ராமின் வாழ்க்கை அவர்களுக்குத் தரக்கூடிய பாடம்.